புதுவையும் பொது நூல்நிலையமும்

ஓர் ஊரில் நூல்நிலையம் இருத்தலும், அவ்வூரார்க்கு நூல் கிடைத்தலும் ஒன்றென்றே பலரும் கருதுவர். அவை இரண்டும் வேறு வேறாம் என்பதற்குப் புதுவை நகரினும் சிறந்த சான்று தேடுதல் அரிது. இந்நகரின் பொது நூல்நிலையம் 1827-ஆம் ஆண்டிலே தோன்றியது. சென்னையிற் கன்னிமாரா நூல்நிலையம் திறக்கப்பெற்றதோ 1896-ஆம் ஆண்டிலேயாம். எனவே, நூல்நிலையம் நிறுவுதலிற் புதுவை சென்னைக்கு 69 ஆண்டு முந்தியது. ஆயினும், பொது நூல்நிலையங்களுக்கெனச் சட்டம் ஒன்று சென்னை மாகாணத்தில் 1948-இல் இயற்றப்பெற, புதுவையில் அஃது 1989-இலேதான் இயற்றப்பெற்றது. ஈண்டுப் புதுவை 41 ஆண்டு பிந்தியது. முந்தி விதைத்தவன் பிந்தி வரப்புக் கட்டிய கதையாக இது முடிந்ததற்குக் காரணம் என்னை? அதனை ஆராயுமிடத்து, நூல்நிலைய அமைப்பிற்குத் திட்டம் வகுத்தல் என்பது யாது என்பதும் உடன் விளங்கும்.

புதுவையில் இந்நூல்நிலையத்தைத் தோற்றுவித்தவர் பிரெஞ்சு ஆளுநர் தெபாசேன் தெ ரிஷ்மோன் என்பார். 1826 முதல் 1828 வரை ஆண்ட அவர், அச்சிறு காலத்துள்ளே கல்லூரியும் தாவரப் பூங்காவும் நூல்நிலையமும் இந்நகர்க்கு அமைத்தனர். மூன்றும் இன்றளவும் நிலைத்துள்ளன. ஓராளுநர் ஈராண்டிற் செய்தவற்றுள் மூன்று ஏறக்குறைய இருநூறாண்டு நிலைபெறுதல் எளிதன்று. அப்பெருமையை யான் குறைத்துக் கூறேன். ஆனால் அந்நூல்நிலையம் யாரை நோக்கி நின்றது என்பதையும் கூறாதிருத்தல் ஒல்லாது. புதுவை நகரைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிளக்கும். கடற்பக்கம் வெள்ளையர் நகர். மேற்றிசை கறுப்பர் நகர் என அந்நாளிற் பெயர் பெற்ற தமிழர் பகுதி. நூல்நிலையம் கடற்பக்கத்தது. அக்காலத்து அதன் நூல்களிற் பெரும்பாலன பிரெஞ்சு மொழியின. எனவே, பிரெஞ்சு கல்லாதவனுக்கு அதன் கதவு திறந்திருப்பினும் அடைத்திருப்பினும் ஒன்றேயாம்.

1966-ஆம் ஆண்டில், ரொமேன் ரோலந்து என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர் பிறந்து நூறாண்டு நிறைவெய்திய பொழுது, அவர் பெயரே இந்நூல்நிலையத்திற்குச் சூட்டப்பெற்றது. 1915-ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசினைப் பெற்றவர் அவர். காந்தியடிகளைப் பற்றியும், இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரைப் பற்றியும் நூல்கள் இயற்றியவர். இதில் ஒரு வியப்பு உண்டு. ரோலந்து இந்தியாவிற்கு ஒருகாலும் வந்திலர். நூல்களின் வாயிலாகவும், தம்மை நாடி வந்தோர் வாயிலாகவுமே இந்நாட்டை அறிந்தனர். தாம் செல்லாத நாட்டை நூல்வழிக் கண்ட ஒருவர் பெயரை ஒரு நூல்நிலையம் தாங்குதல் மிகப் பொருத்தமே. இன்று பாரதி பூங்காவின் அருகே அந்நிலையத்தினுட் புகுவார்க்குத் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகளின் நூல்கள் கிடைக்கும். வாய்க்காலுக்கு மேற்கே உள்ளாரும் வருகின்றனர். பழைய குறை தீர்ந்ததன்றோ எனின், பாதி தீர்ந்தது என்பேன். மற்றைப் பாதியை விளக்க என் குடும்பத்துச் செய்தி ஒன்றைக் கூறுதல் வேண்டும்.

என் அத்தையார் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். பத்தாம் வகுப்பு வரை கற்றவர். கதை படிப்பதில் பெருவிருப்பினர். எங்கள் ஊரில் ஒரு சிறு வாசகசாலை உண்டு. அவர் வேலைக்குப் பேருந்து ஏறும்பொழுது அது திறந்திராது. மாலை ஏழு மணிக்கு அவர் திரும்பும்பொழுது அது பூட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையிலோ எனின், துணி துவைத்தலும் சமைத்தலும் கோயிற்குச் செல்லுதலும் போக எஞ்சும் நேரம் சிறிது. ஆதலின் என் உறுப்பினர் அட்டையின் மேலே அவருக்கு நூல் எடுத்துத் தருவது என் பள்ளிப்பருவம் முதற்கொண்டு வழக்கமாயிற்று. "தம்பி, அந்தக் கதையின் இரண்டாம் பாகம் வந்ததா?" என்று அவர் வினவுவார், யான் அங்குள்ள வருகைப் பதிவேட்டில் என் பெயரை எழுதி, அவர்க்குரிய நூலை எடுத்து வருவேன்.

கல்லூரியிற் சேர்ந்த பின்னர் ஒருநாள் அப்பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதியோர் பலர் செய்தித்தாள் படிக்க வந்துள்ளனர். தேர்வெழுதும் இளைஞர் சிலர் வந்துள்ளனர். பெண்டிர் பெயர் மிகச் சில. அத்தையார் பெயர் எங்குமே இல்லை. ஆண்டுதோறும் அவ்வூரில் எத்தனை நூல் படித்தார் என எண்ணினால், அவரே முதல்வராவார் என்பதில் எனக்கு ஐயமில்லை. பதிவேட்டின்படியோ அவர் நூலே தொடாதவர். அப்பதிவேட்டைக் கொண்டு எவரேனும் திட்டம் வகுத்தால், செய்தித்தாள்களை மிகுத்து வாங்குவர், நாற்காலிகளை மிகுப்பர், நேரத்தை மாற்ற எண்ணவே எண்ணார். வந்தோரைக் கணக்கிடுதல் எளிது. வாராதோரைக் கணக்கிடுதலே நூல்நிலையத் திட்டத்தின் தொடக்கமாம் என்பதை யான் அன்று உணர்ந்தேன்.

இவ்வுண்மையை நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்து ஒரு துறையாகவே வளர்த்தவர் நம் அண்டை ஊரினர். புதுவையினின்று காரைக்காலுக்குக் கடலூர், சிதம்பரம் வழியாகச் செல்லும் சாலையில் சீர்காழி உளது. 1892-ஆம் ஆண்டில் அங்குப் பிறந்தவர் சீ. இரா. அரங்கநாதனார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கணிதம் கற்றுக் கணித ஆசிரியராய் விளங்கிய இவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்து நூலகராய் அமர்த்தப்பெற்றார். முதலில் அவ்வேலை அவருக்குச் சிறிதும் பிடித்திலது. மாணாக்கர் முகங்களைக் கண்டு பழகியவர், வாய்பேசா அலமாரிகளின் நடுவே தனித்திருக்க மாட்டாது, மீண்டும் வகுப்பறைக்கே அனுப்புமாறு வேண்டிக்கொண்டனர். இங்கிலாந்து சென்று கற்று வந்து பின்னர் முடிவு செய்க என்றனர் மேலோர். ஆங்குள்ள பொது நூல்நிலையங்களில் தொழிலாளரும் சிறுவரும் இல்லத்தரசியரும் நூல் பெற்றுச் செல்லுதலைக் கண்டார். மனம் மாறித் திரும்பினார். 1931-இல் அவர் வெளியிட்ட நூல்நிலைய இயலின் ஐந்து விதிகளை உலகம் அறியும். அவற்றின் சாரம், நூல் பூட்டி வைத்தற்கன்று, பயன்படுதற்கே. நூலை நாடும் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரியாரும் வாய்த்தல் வேண்டும். படிப்பவர் காலம் வீணாதல் கூடாது. நூல்நிலையம் வளர்ந்துகொண்டே செல்லும் ஓர் உயிர் போல்வது என்பதாம். என் அத்தையார் செய்தியை இவ்விதிகளின் முன் வைத்துப் பார்த்தால், எத்தனை விதிகள் அங்கு மீறப்பட்டன என்பது புலனாகும்.

விதியை வகுத்ததோடு அவர் அமைந்திலர். விதியை நடத்தப் பொருள் வேண்டும். பொருள் தடையின்றி வரச் சட்டம் வேண்டும். 1930-ஆம் ஆண்டிற் காசியிற் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டிலே அவர் மாதிரிச் சட்டவரைவு ஒன்றை முன்வைத்தார். 1933-இற் சென்னைச் சட்டமன்றத்திற் கொணரப்பட்ட மசோதா நிறைவேறவில்லை. 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராய் இருந்த காலையிலே சென்னைப் பொது நூல்நிலையச் சட்டம் நிறைவேறியது. இந்திய மாகாணங்களுள் இத்தகைய சட்டம் முதற்கண் கண்டது சென்னையே. பதினெட்டு ஆண்டு ஒருவர் விடாது முயன்றமையால் வந்த பயன் அது.

அச்சட்டத்தின் உயிர்நாடி எதுவெனின், வீட்டுவரியோடு சேர்த்துத் தண்டப்படும் நூலக வரியாம். தொடக்கத்தில் ஒரு ரூபாய் வரிக்கு 6 பை என வைத்தனர். அக்காலத்தில் ஒரு ரூபாய்க்கு 192 பை. ஆகவே, பத்து ரூபாய் வீட்டுவரி செலுத்துவான் ஒருவன் நூல்நிலையத்தின் பொருட்டு ஆண்டொன்றுக்கு ஐந்தணாக் கொடுத்தான். இத்தொகை சிறிது, ஆனால் அஃது ஆண்டுதோறும் வரும், வேறு செலவிற்குச் செல்லாது, அதனை நம்பி அடுத்த ஆண்டிற்கு நூலும் நூலகரும் இன்னவென்று முன்னதாகவே முடிவு செய்யலாம். அமெரிக்கச் செல்வர் ஆண்ட்ரூ கார்னெகி உலகெங்கும் 2,500-க்கு மேற்பட்ட நூல்நிலையக் கட்டடங்களுக்குப் பொருள் ஈந்தார். அவர் விதித்த முறைமையும் இத்தகையதே. கட்டடம் யான் தருவேன். அதன் விலையிற் பத்தில் ஒரு பங்கினை ஆண்டுதோறும் ஊரார் வரியினின்று அதனை நடத்தத் தருக என்றார். கட்டடம் திறக்கும் நாளிற் கூடும் கூட்டம், பத்தாம் ஆண்டில் நூல் வாங்கப் பணமின்றி நிற்கும்பொழுது கூடாது என்பதை அவ்வணிகர் நன்கு அறிந்திருந்தார்.

இனி, வாராதோரிடம் நூல் செல்லுதற்கு ஒரு முன்மாதிரி நம் சோழநாட்டிலேயே உண்டு. 1931-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூல்நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை என்பார் அதனை அமைத்தவர். அரங்கநாதனார் தொடங்கி வைத்தார். வண்டி நிறைய நூல்களை ஏற்றி, ஊர் ஊராகச் சென்று நிறுத்திக் கொடுத்து வாங்கினர். அதனினும் முன்னர், 1910-இல், பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட், போர்டன் என்னும் அமெரிக்க நூலகரை அழைப்பித்துத் தம் நாடு முழுமைக்கும் ஒரே அமைப்பாக நூல்நிலையங்களை வகுப்பித்தார். தலைநகரில் நடுநிலையம், ஊர்களிற் கிளைகள், கிளையும் இல்லாத சிற்றூர்களுக்குப் பெட்டிகளிற் செல்லும் நூல்கள் என்று அவ்வமைப்பு மூவகைப்பட்டது. மன்னர்க்குப் பொருள் இருந்தது, செய்தார் என்று கழித்துவிடுதல் எளிது. மாட்டுவண்டிக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை என்பதையும் உடன் நினைத்தல் நன்று.

புதுவைக்கு வருவோம். ஈண்டுத் திட்டம் வகுப்பார்க்கு வேறெங்கும் இல்லாத ஓர் இடர்ப்பாடு உளது. புதுவை ஆட்சிப்பரப்பு ஒரே நிலமன்று. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி புதுவைப் பகுதியில் 9,50,289 மக்கள், காரைக்காலில் 2,00,222, ஏனாமில் 55,626, மாகேயில் 41,816. காரைக்கால் சோழநாட்டுக் கடற்கரையில் உள்ளது. மாகேயோ மலையாளக் கரையது. ஏனாம் கோதாவரிக் கழிமுகத்தது. புதுவை நகரினின்று மாகே 600 கிலோமீட்டருக்கும், ஏனாம் 800 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டவை. ஒன்றில் மலையாளம், மற்றொன்றில் தெலுங்கு. புதுவைப் பகுதியும் தனக்குள்ளே துண்டுபட்டதே. நகரினின்று நெட்டப்பாக்கத்திற்குச் செல்பவன் தமிழ்நாட்டு எல்லைக்குட் புகுந்து வெளிப்பட்டே செல்வான். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அந்நாளில் நிலம் பிரித்துக்கொண்ட வகை அது. 1954-இல் ஆட்சி மாறியது. 1962-இற் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. நிலத்தின் வடிவம் மட்டும் மாறவில்லை.

இத்தகைய நிலத்தில், நடுவில் ஒரு பெருநிலையம், சுற்றிலும் கிளைகள் என்னும் வட்டப்படம் செல்லாது. புதுவையில் வாங்கிய தமிழ் நூல் ஏனாமில் யாருக்குப் பயன்படும்? அங்குத் தெலுங்கு நூல் தேர்தற்குத் தெலுங்கறிந்தார் அங்கேயே அதிகாரத்துடன் இருத்தல் வேண்டும். ஆதலின் நான்கு பகுதிகட்கும் நூல் தேர்வுரிமை தனித்தனியாகவும், பட்டியலும் கணக்கும் பொதுவாகவும் இருத்தல் தகும் என்பது என் எண்ணம்.

இதனோடு ஒட்டிய மற்றொன்றும் கூறுவேன். இதனை நகைப்பாரும் உளர் என அறிவேன். பாகூரில் வாழ்வார்க்குப் புதுவை நகரினும் கடலூரே அண்மையது. காய்கறிக்கும் மருத்துவத்திற்கும் அவர் கடலூர் செல்வர். நூலுக்கு மட்டும் அவர் வேற்றுமாநிலத்தார் ஆகிவிடுகின்றனர். மாகேயைச் சூழக் கேரளம். 1945 முதல் கிரந்தசாலை இயக்கத்தைப் பணிக்கர் என்னும் பெரியார் ஊர்தோறும் வளர்த்த நாடு அது. புதுவைக்குச் சட்டம் வந்த அதே 1989-இல் அங்கும் சட்டம் வந்தது. ஏனாமைச் சூழ்ந்த ஆந்திரத்தில் 1960 முதற் சட்டம் உண்டு. இம்மூன்று மாநிலங்களோடும் உடன்படிக்கை ஒன்று செய்து, எல்லைக்கு இருபுறத்தாரும் ஒருவர் அட்டையால் மற்றவர் நூலைப் பெறச் செய்தல் ஆகாதோ? புதிய கட்டடம் ஒன்றும் வேண்டா. ஓலை எழுதக் கையும் மனமுமே வேண்டும். பேருந்து எல்லையைக் கடக்கிறது, பால் கடக்கிறது, மீன் கடக்கிறது, நூலும் கடக்கட்டும்.

ஒரு பொதுப் பட்டியலைப் பற்றி மேலே குறித்தேன். அதனைச் சிறிது விரித்தல் வேண்டும். தமிழ் கற்பார்க்கு அது மிக நெருங்கிய செய்தி. புதுவை நகரில் நூற்செல்வம் ஓரிடத்ததன்று. 1955-இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும், தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் புதுவை நிலையத்திலும் ஓலைச்சுவடிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுட் சைவச் சுவடித்தொகுதியினை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. அரவிந்தர் ஆசிரமத்தில் ஒரு நூல்நிலையம், பல்கலைக்கழகத்தில் ஒன்று, கல்லூரிதோறும் ஒவ்வொன்று. ஒரு நூலைத் தேடுவான் இவற்றை ஒவ்வொன்றாக ஏறி இறங்குகின்றான். கடந்த ஆண்டு ஒரு பழைய நிகண்டுப் பதிப்பினை யான் நான்கு இடங்களில் தேடி மூன்று பிற்பகல்களை இழந்தேன். அரங்கநாதனார் காலவிதியை அப்பொழுது பெருமூச்சோடு நினைந்தேன்.

பட்டியல் செய்தல் இந்நிலத்திற்குப் புதிதன்று. காரைக்காலுக்குச் சற்று வடக்கே தரங்கம்பாடி. 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தாம் தேடித் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றிற்கு 1708-ஆம் ஆண்டிலே பட்டியல் ஒன்று எழுதினார். பெயரை மட்டும் அடுக்காது, ஒவ்வொரு நூலும் எதனைக் கூறுவது என்றும் குறித்தார். இறங்கிய இரண்டாம் ஆண்டில், தமக்கு அயன்மொழியாகிய தமிழில் ஒருவர் இதனைச் செய்தனர் என்றால், கணினி கைவசம் உள்ள நாம் ஒரு நகரத்து நூல்களுக்குப் பொதுப்பட்டியல் செய்ய இயலாது என்று கூறுதல் நாணத்தக்கது.

இத்துணையும் கேட்ட என் விடுதித் தோழர் ஒருவர், "எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டன; இனி நூல்நிலையம் எதற்கு?" என்றார். அவர் கூற்றிற் சிறிது உண்மை உண்டு. ஆயினும் ஒரு வீட்டிற் கைப்பேசி இருத்தல் வேறு. அவ்வீட்டுச் சிறுமி அமைதியாக இருந்து படிக்க ஓர் இடமும், விளக்கும், கேட்டதற்கு விடை கூறும் ஒருவரும் இருத்தல் வேறு. தேர்வுக் காலங்களில் வாசகசாலைத் திண்ணைகள் நிறைந்து கிடத்தலைத் தோழரும் கண்டிருப்பார். அன்றியும், கண்ணொளி இழந்தோர்க்கு ஒலிநூல்களும், விலை மிக்க மின்னூல்களும் ஊரார் பொதுப்பொருளால் வாங்கி வழங்கப்படவேண்டியனவே. கருவி மாறுதலால் நூலகரின் வேலை மிகுமேயன்றிக் குறையாது.

நூலகரைப் பற்றி ஒரு சொல். திட்டங்கள் பலவும் கட்டடத்தைப் பேசும், நூலைப் பேசும், ஆளைப் பேசா. நூலகர் ஓய்வு பெற்ற இடத்தில் வேறொருவர் அமர்த்தப்படாவிடின், அக்கிளை திறந்திருந்தும் அடைத்ததே. இதனை விரித்தெழுதின் கட்டுரை நீளும்.

செய்ததனை அளந்து பார்த்தலும் திட்டத்தின் ஒரு கூறேயாம். தில்லிப் பொது நூல்நிலையம் 1951-இல் யுனெஸ்கோவின் துணையோடு ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கப்பெற்றது. சில ஆண்டுகளின் பின்னர், அது எவ்வளவில் வென்றது, எங்குத் தவறியது என ஆராய்ந்து 1957-இல் அறிக்கை வெளியிட்டனர். புதுவையில் அத்துணைப் பெரிய ஆராய்ச்சி முதலில் வேண்டா. ஐந்து கொம்யூன்களிலும் ஒவ்வொரு கிளையைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டிற்கு மாலை நான்கு மணி முதல் எட்டரை மணி வரை திறந்து வைக்கலாம். காலையில் அதற்கீடாக மூடலாம். கூடுதற் செலவு மின்விளக்கிற்கே. வீடுதோறும் சென்று, யார் வருகின்றனர் என்று வினவாது, யார் ஏன் வரவில்லை என்று வினவி எழுதும் பணியைக் கல்லூரி மாணாக்கர் செய்யலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் நம் கல்லூரியினின்று ஆண்டுதோறும் ஊர்களுக்குச் செல்லும் மாணாக்கர் பலர் உளர். மரம் நடுதலோடு இதனையும் அவர்கள் மேற்கொள்ளின், ஒரு விடுமுறைக்குள் ஒரு கொம்யூனின் கணக்கு முடியும்.

இக்கட்டுரையை எழுதுங்கால், விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தேன். அத்தையாரிடம் வாசகசாலை இரவு எட்டரை மணி வரை திறந்திருந்தால் வருவீர்களா என்று கேட்டேன். சிறிது எண்ணிப் பார்த்து, பேருந்து நிறுத்தத்தினின்று அங்குச் செல்லும் சந்தில் விளக்கு இல்லை, அதனையும் உன் கட்டுரையில் எழுது என்றார். எழுதிவிட்டேன்.